கொல்லிமலைக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர்

என் பெரியப்பா மகன் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் மிளகும் காப்பியும் வைத்திருக்கிறார். அவருடைய தலைவலிக்குப் பெயர் தெரியவே பல வருடம் ஆனது. அதற்குள் நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாகிவிட்டது. கண்ணாடி மாற்றிப் பார்த்தார்கள். சைனஸ் என்று சொல்லிக் கொடுத்த மாத்திரைகளைத் தின்று தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். பெரியம்மா தன் பங்குக்கு அறப்பளீஸ்வரரிடமும் மாசி பெரியசாமியிடமும் வேண்டிக்கொண்டார். வலி மட்டும் வருடா வருடம் வந்துகொண்டே இருந்தது.

அதன் பெயர் கொத்துத் தலைவலி. டாக்டர்கள் கிளஸ்டர் தலைவலி என்பார்கள். இதற்கான சிகிச்சைகளில் கடந்த சில வருடங்களாக நிறைய ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. புது ஊசி, கழுத்தில் வைக்கும் கருவி, காளானிலிருந்து எடுத்த மருந்து என்று செய்தி வந்தபடி இருக்கிறது. அண்ணனுக்காக அவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கும்போது எனக்கு இருந்தது ஒரே கேள்விதான்: ராத்திரி ஒரு மணிக்கு மலைமேல் வலியில் துடிக்கும் மனிதருக்கு இதில் எது கைகொடுக்கும்? கொஞ்சம் நீளமான பதிவு. இதே வலி உங்கள் வீட்டிலும் யாருக்காவது இருக்கலாம் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

முதலில் அந்த வலி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் வேலை முடித்து அசந்து தூங்குவார். ஒரு மணி வாக்கில் வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு குடைச்சல் எழுப்பிவிடும். ஐந்து பத்து நிமிடத்தில் அது உச்சத்துக்கு ஏறிவிடும். வலது கண் மட்டும் சிவந்து தண்ணீராகக் கொட்டும். வலது இமை மட்டும் தொங்கும். வலது மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டு ஒழுகும். இடது பக்கத்தில் ஒரு தொந்தரவும் இருக்காது. படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. வீட்டு வாசலுக்கும் மிளகு காயப்போடும் களத்துக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார். சில ராத்திரிகளில் சுவரில் நெற்றியை வைத்து முட்டுவார். அண்ணி ஈரத்துண்டோடு பின்னாலேயே நடப்பார். "கண்ணுக்குள்ள கடப்பாரைய விட்டு நெம்புற மாதிரி இருக்குதுடா தம்பி, அந்தக் கண்ணையே புடுங்கிப் போட்டுட்டா தேவலைன்னு தோணுது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து வலி வந்த வேகத்திலேயே இறங்கிவிடும். திண்ணையில் உட்கார்ந்து வரக்காப்பி கேட்பார். மறுநாள் ராத்திரியும் அதே நேரத்துக்கு வரும்.

மருத்துவ வரையறையும் ஏறக்குறைய இதுதான். ஒரே பக்கம், கண்ணைச் சுற்றி, 15 நிமிடம் முதல் 180 நிமிடம் வரை கடும் வலி. இரண்டு நாளுக்கு ஒருமுறை வரலாம், ஒரே நாளில் எட்டு முறையும் வரலாம். வலிக்கும் பக்கத்துக் கண்ணிலும் மூக்கிலும் நீர், கூடவே ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வெளிச்சம் படாத அறையில் அசையாமல் படுத்துக்கொள்வார்கள். கொத்துத் தலைவலிக்காரரால் அசையாமல் இருக்கவே முடியாது. கடைசியில் அண்ணனின் நோயைக் கண்டுபிடித்தவர் கீழே இருக்கும் ஒரு நரம்பியல் மருத்துவர். அவர் முதலில் கேட்டதே, "வலிக்கும்போது படுத்துக்குவீங்களா, நடப்பீங்களா?" என்பதுதான். பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பிறகு உட்கார வைத்து இந்த நோயைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். அவரிடம் முதலிலேயே போயிருந்தால் அந்தப் பல்லாவது மிஞ்சியிருக்கும்.

அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த மார்க் புரிஷ் குழு 1,604 நோயாளிகளிடம் கேட்டு, 2021இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அவர்கள் இந்த வலிக்கு பத்துக்கு 9.7 மதிப்பெண் போட்டிருந்தார்கள். பிரசவ வலியும் அறிந்த பெண்கள் அதற்குக் கொடுத்தது 7.2. சிறுநீரகக் கல் அதற்கும் கீழே. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான், "தலைவலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று ஊரில் பேசியவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பதில் இருந்தது.

மேற்கத்திய நாடுகளின் கணக்குப்படி ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இது வாழ்நாளில் வருகிறது. ஆண்களுக்கு அதிகம். புகைப்பவர்களிடம் அதிகம். அதே விகிதம் இங்கேயும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 40,000 பேர் வாழும் கொல்லிமலையில் நாற்பது பேருக்கு இருக்கலாம். அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் இன்னும் பல்லையும் கண்ணையும் காட்டிக்கொண்டு அலைகிறார்களோ என்ற கவலை எனக்கு விட்டபாடில்லை.

இந்த நோயில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதன் நேரம் தவறாமைதான். அண்ணனுக்கு வருடம் முழுவதும் வலி இல்லை. தை பிறந்து மிளகு பறிப்பு தொடங்கும் சமயத்தில் ஆரம்பிக்கும், பங்குனி வாக்கில் தானாக நின்றுவிடும். பலாப்பழ சீசன் மாதிரி இதுவும் ஒரு சீசன் என்றே வீட்டில் பேச்சு. மிளகுக் கொடி தூசியால் வருகிறது, பனியால் வருகிறது, மலையில் காற்று மெலிசாக இருப்பதால் வருகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கொல்லிமலை ஆயிரத்து முன்னூறு மீட்டருக்குள் இருக்கும் மலை. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து போகிற உயரம் இல்லை அது. சமவெளியில் இருப்பவர்களுக்கும் இதே வலி இதே மாதிரி சீசன் வைத்து வருகிறது.

காரணம் மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதாலமஸ் என்ற சிறு பகுதியோடு சம்பந்தப்பட்டது. தூக்கம், பசி, உடம்புச் சூடு, பகல் இரவு என்று உடம்பின் நேரக்கணக்கை வைத்திருப்பது அதுதான். 1998இல் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி ஆகியோரின் குழு, வலி வந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் மூளையை பெட் ஸ்கேன் எடுத்தது. வலிக்கும் பக்கத்து ஹைபோதாலமஸ் அப்போது விழித்திருந்தது. தலைக்குள் ரத்தக்குழாய் வீங்குவதால் வரும் வலி என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்த நோயை வேறு விதமாகப் பார்க்க வைத்த ஆய்வு அது. பிறகு 2023இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தில் ஏழு பேருக்குக் குறிப்பிட்ட நேரத்தில்தான் வலி வருகிறது, அதிலும் முன்னிரவு முதல் பின்னிரவு வரை அதிகம் என்று தெரிந்தது. அதே ஆண்டு 4,777 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்த நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டுபிடித்தார்கள். புகைப்பழக்கம் வெறும் தற்செயலான துணை இல்லை, நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. தூசி, பனி, செய்வினை என்று ஊர் சொன்ன காரணங்களையெல்லாம் ஓரங்கட்ட இது போதும். அண்ணி மேல் வீண்பழி போட்டுக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரின் வாயையும் இது அடைத்தது.

இனி சிகிச்சை. இந்த வலி பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். அங்கிருந்து நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் வலி தானாகவே நின்றிருக்கும். நோயாளி தெளிவாக இறங்கி நடந்து போய், "இப்ப ஒன்னுமில்லைங்க டாக்டர்" என்பார். பல வருடம் நோய் பிடிபடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மலைமேல் இருப்பவருக்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில், சொல்லப்போனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மாத்திரைகூட உதவாது. விழுங்கி, கரைந்து, ரத்தத்தில் ஏறுவதற்குள் வலியின் உச்சம் கடந்துவிடும்.

அப்படிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய மருந்து ஒன்று எழுபது வருடமாக இருக்கிறது. அது ஆக்சிஜன்.

மேயோ மருத்துவமனையின் பேயார்ட் ஹார்ட்டன் 1950களிலேயே இதைப் பயன்படுத்தினார். 1981இல் லீ குட்ரோ முறையாகச் சோதித்து எழுதினார். ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் 2009இல்தான் வந்தது. லண்டனில் கோஹன், பர்ன்ஸ், கோட்ஸ்பி மூவரும் 109 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு. ஒரு வலிக்கு உண்மையான ஆக்சிஜன், இன்னொரு வலிக்கு சிலிண்டரில் அடைத்த வெறும் காற்று. எது எந்த சிலிண்டர் என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் மூச்சிழுக்க வேண்டும். ஆக்சிஜன் இழுத்தபோது 78 சதவீத வலிகள் கால் மணி நேரத்தில் அடங்கின. வெறும் காற்றுக்கு 20 சதவீதம். பெரிதாகச் சொல்லும்படி பக்கவிளைவு எதுவும் இல்லை. இதய நோய் இருப்பவருக்கும் கொடுக்கலாம், ஒரே ராத்திரியில் மூன்று முறை வலி வந்தால் மூன்று முறையும் கொடுக்கலாம். மலிவான, பழைய, எந்த கம்பெனியும் விளம்பரம் செய்யாத மருந்து என்பதால்தான் இது எங்கள் காதுக்கு வந்து சேர இவ்வளவு காலம் ஆனது என்பது என் எண்ணம்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மூக்கில் செருகும் குழாயில் இரண்டு லிட்டர், நான்கு லிட்டர் வைத்தால் ஒரு பலனும் இல்லை. அண்ணனுக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் அப்படி வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஆக்சிஜன் கேக்கல" என்று அனுப்பியிருந்தார்கள். வேண்டியது அடியில் பை தொங்கும் முகமூடி. அதைக் கன்னத்தோடு ஒட்டி இறுக்க வேண்டும். ரெகுலேட்டர் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வரை கொடுக்க வேண்டும். வலி உச்சத்துக்குப் போகும் முன்பே, முதல் குடைச்சலிலேயே தொடங்கிவிட வேண்டும். கொரோனா காலத்தில் பல வீடுகளும் சுகாதார நிலையங்களும் வாங்கி வைத்த ஆக்சிஜன் செறிவூட்டி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5 லிட்டர், மிஞ்சினால் 10 லிட்டர் தருபவை. அதிலும் முழு அளவில் வைத்தால் ஆக்சிஜனின் அடர்த்தி குறையும். சிலிண்டர்தான் வேண்டும்.

கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் என்றால் ஒரு வலிக்கு 180 லிட்டர். பி டைப் என்று கேஸ் ஏஜென்சியில் சொல்லும் நடுத்தர சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும். அதில் எட்டு வலிகளைச் சமாளிக்கலாம். டி டைப் என்னும் ஆளுயர சிலிண்டரில் 7,000 லிட்டர், அது 38 வலிகளுக்குக் காணும். தினமும் ஒரு வலி என்றால் சிறிய சிலிண்டர் ஒரு வாரம் வரும், பெரியது ஒரு மாதத்துக்கு மேல் வரும். சமவெளியில் இருப்பவர் சிறியதை வாங்கி மாற்றி மாற்றி நிரப்பிக்கொள்ளலாம். மலையில் இருப்பவர் ஒவ்வொரு நிரப்பலுக்கும் 70 வளைவும் இறங்கி ஏற வேண்டும். ஆகவே சீசன் தொடங்கும் முன்பே பெரியது ஒன்றை மேலே கொண்டுவந்து சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம். மருத்துவரின் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். எங்கள் மலை வீடுகளில் விறகடுப்பு உண்டு, அடுப்பங்கரையும் படுக்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் எதையும் பற்றி எரிய வைக்கும். சிலிண்டர் இருக்கும் அறையில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. பீடி பிடிப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் என்பதால் இதைச் சத்தமாகவே சொல்கிறேன்.

அண்ணன் வீட்டில் முதல் தடவை சிலிண்டரைத் திறந்த ராத்திரி நானும் இருந்தேன். மளிகைச் சாமான் ஏற்றி வந்த பிக்கப் வண்டியில்தான் அது மேலே வந்திருந்தது. அண்ணி டார்ச் வெளிச்சத்தில் ரெகுலேட்டர் குமிழைத் திருகினார். உஸ்ஸென்று சத்தம். பை உப்பியது. அண்ணன் களத்துக்கு ஓடாமல் கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து, முகமூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தார். முதல் ஐந்து நிமிடம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஆட்டம் குறைந்தது. கால் மணி நேரம் ஆவதற்குள் முகமூடியை எடுத்துவிட்டு, "எறங்கிருச்சு" என்றார். அண்ணி அழுதுவிட்டார். எல்லா வலிக்கும் இப்படிக் கேட்பதில்லை. சில ராத்திரிகளில் பாதிதான் குறைகிறது. ஆனால் வலி வந்தால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது என்ற தைரியமே அந்த வீட்டை மாற்றிவிட்டது.

ஆக்சிஜனுக்கு இணையான இன்னொன்று சுமாட்ரிப்டான் ஊசி. 6 மில்லிகிராம், தோலுக்கு அடியில். 1991இல் வந்த ஆய்வில் கால் மணி நேரத்துக்குள் 74 சதவீத வலிகள் தணிந்தன. நம் ஊர் மருந்துக்கடையில் இது மாத்திரையாகத்தான் சுலபமாகக் கிடைக்கிறது, ஊசியைத் தேட வேண்டும். இதயக் குழாய் அடைப்பு இருப்பவர்கள் தொடவே கூடாது.

வந்த வலியை நிறுத்துவது ஒரு வேலை. சீசன் முழுவதும் வலி வராமல் பார்ப்பது இன்னொரு வேலை. அதற்கு வெராபமில் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரைதான் இன்னமும் முதலிடத்தில் இருக்கிறது. இதயத் துடிப்பின் வேகத்தை அது குறைக்கும் என்பதால் அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அது வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது வழக்கம். பல பத்தாண்டுகளாக வழக்கத்தால் மட்டுமே கொடுத்துவந்த இதை 2021இல் ஜெர்மனியில் முறையாகச் சோதித்தார்கள். முதல் வாரத்தில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குச் சராசரியாக 7.1 வலி, எடுக்காதவர்களுக்கு 9.5. பலன் உண்டு, அற்புதம் இல்லை. சர்க்கரை இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மலைவாசிகளுக்கு மிகவும் ஏற்றது என்று எனக்குத் தோன்றுவது வேறொன்று. பின்னந்தலையில் பிடரிக்குச் சற்று மேலே ஓடும் நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடுவது. பிரான்சில் லெரூ குழு 2011இல் 43 பேரிடம் செய்த சோதனையில் வலிகள் நன்றாகவே குறைந்தன. பழகிய மருத்துவர் என்றால் சில நிமிட வேலை. மருந்தும் விலை அதிகம் இல்லை. சீசன் தொடங்கியதும் ஒருமுறை இறங்கிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தால் வாரக்கணக்கில் நிம்மதி கிடைக்க வாய்ப்பு உண்டு. மாவட்ட மருத்துவமனைகளில் இதைப் பழக்கப்படுத்தினால் போதும், பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இப்போது புதிய விஷயங்களுக்கு வருகிறேன். வலி வரும்போது நரம்பு முனைகளில் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றில் கால்கனெசுமாப் 2019இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றது. 106 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து போட்டவர்களுக்கு வாரத்துக்கு 8.7 வலி குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 5.2 குறைந்தது. வெற்று ஊசிக்கே இவ்வளவு குறைவதற்குக் காரணம், சீசன் எப்படியும் தானாக முடிகிற நோய் இது. வருடம் முழுவதும் ஓயாமல் வலிக்கும் நாள்பட்ட வகைக்கு அதே மருந்து பலன் தரவில்லை. ஆதாரம் போதாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் அனுமதி மறுத்துவிட்டது. அதே குடும்பத்து மருந்தான பிரமனெசுமாப் சோதனை பலனில்லாமல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. ஒற்றைத் தலைவலிக்கு இந்த ஊசிகள் பெரிய வரம். கொத்துத் தலைவலிக்கு இன்னும் அந்த அளவுக்கு இல்லை. கடன் வாங்கியாவது போட்டுவிட வேண்டும் என்று யாரும் நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

கருவிகளிலும் நிறைய முயன்றிருக்கிறார்கள். கழுத்தில் வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டும் கையடக்கக் கருவிக்கு அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது. சீசன் வைத்து வலி வருபவர்களுக்கு ஓரளவு உதவுகிறது. பின்னந்தலை நரம்பில் மின்கம்பி பதிக்கும் முறையை நெதர்லாந்தின் லைடன் குழு, எந்த மருந்தும் கேட்காத நாள்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2021இல் வெளியிட்டது. வாரத்துக்கு 15ஐ ஒட்டி இருந்த வலிகள் 7ஐ ஒட்டி இறங்கின. கன்னத்துக்குள் பதிக்கும் ஒரு சிறு கருவியின் கதை மட்டும் என்னை மிகவும் வருத்தியது. அதைச் செய்த ஆட்டோனாமிக் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் மூடப்பட்டபோது, 700க்கும் மேற்பட்டோர் முகத்துக்குள் கருவியோடு, பழுது பார்க்க ஆளில்லாமல் நின்றார்கள். நிம்மதி தந்துகொண்டிருந்த கருவி சாஃப்ட்வேருக்கு ஆள் இல்லாமல் நின்றுபோவது எவ்வளவு கொடுமை. உடம்புக்குள் ஒன்றைப் பதிக்கும் முன்பு, நிறுவனம் மூடினாலும் அதைப் பார்த்துக்கொள்வது யார் என்பதற்குச் சட்டம் வேண்டும்.

காளான் விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், மலையில் காளான் முளைக்கிறது என்பதால். சிலோசைபின் என்ற மருந்து சில வகைக் காளான்களில் இருக்கிறது. எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன்தான் 1958இல் அதைப் பிரித்தெடுத்தார். இது கொத்துத் தலைவலிக்கு உதவுகிறது என்று முதலில் சொன்னவர்கள் நோயாளிகளே. 2006இல் ஹார்வர்டைச் சேர்ந்த சீவெல், ஹால்பெர்ன், போப் மூவரும் அப்படிச் சொன்ன 53 பேரை விசாரித்து எழுதினார்கள். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் எமானுவெல் ஷிண்ட்லர் 2022இல் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று சிறிய அளவுகள். வலிகள் குறைவது போலத் தெரிந்தது, ஆனால் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோபன்ஹேகனில் நாள்பட்ட நோயாளிகள் 10 பேருக்குக் கொடுத்தபோது சராசரியாக 31 சதவீதம் வலி குறைந்தது. ஒருவருக்கு 21 வாரம் வலியே இல்லை. அந்த ஆய்விலும் ஹைபோதாலமஸ் மூளையின் மற்ற பகுதிகளோடு கொள்ளும் தொடர்பு மாறியதைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மூன்று வேளை மருந்தில் சீசனையே நிறுத்த முடியுமா என்ற கேள்வி அபாரமானது. இதைத்தான் நான் மிகுந்த ஆவலோடு பின்தொடர்கிறேன்.

அதற்காக யாரும் கொடைக்கானலுக்கோ கொல்லிமலைக்கோ காளான் தேடி வர வேண்டாம். சோதனைகளில் கொடுப்பது மில்லிகிராம் கணக்கில் அளந்த சுத்தமான மருந்து, பக்கத்தில் மருத்துவரை வைத்துக்கொண்டு. மழைக்குப் பிறகு புற்றோரம் காளான் பொறுக்கும் எங்கள் பாட்டிமார்கள் தெரிந்த காளானைத் தவிர வேறொன்றைத் தொட மாட்டார்கள். தப்பான காளான் கல்லீரலை அழித்துவிடும். சிலோசைபின் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மனநோய் வரலாறு உள்ள குடும்பத்தினருக்கு அது வேறு ஆபத்தும் செய்யும். ஆராய்ச்சி முடியட்டும்.

கொத்துத் தலைவலியோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும். இதே போல ஒரு பக்கம் கண்ணில் நீர் வந்து வலிக்கும், ஆனால் நேரம் குறைவு, சில நிமிடம் முதல் அரை மணி வரை. நாளுக்கு ஐந்துக்கு மேல் வரும். அந்த வகைக்கு இண்டோமெத்தசின் என்ற மலிவான மாத்திரை சொல்லிவைத்தாற்போலக் கேட்கும். வலியின் நிமிடக்கணக்கை ஒழுங்காகச் சொன்னால்தான் மருத்துவரால் இரண்டையும் பிரிக்க முடியும்.

எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. அதே ஏற்பாட்டில் கொத்துத் தலைவலி உறுதியானவர்களுக்கு சீசன் மாதங்களில் மட்டும் ஒரு சிலிண்டரும் பை முகமூடியும் கொடுக்க முடியும். மலைக்கு வரும் சுகாதார வண்டியிலேயே காலி சிலிண்டரைக் கீழே அனுப்பலாம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 15 லிட்டர் ரெகுலேட்டரும் அந்த முகமூடியும் இருக்கிறதா என்று பார்க்கலாம். செவிலியர்களுக்கு அரை நாள் பயிற்சி போதும். கொல்லிமலைக்கு மட்டும் சொல்லவில்லை. ஏற்காடு, கல்வராயன், ஜவ்வாது மலை, சத்தியமங்கலத்து மலைக்கிராமங்கள் எல்லாவற்றுக்கும் இதே தூரக் கணக்குதான்.

வலி தாங்காமல் செத்துப்போகலாம் என்று தோன்றுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. அண்ணனுக்கும் தோன்றியிருக்கிறது, அதை வெளியில் சொன்ன பிறகுதான் பாரம் குறைந்தது. அப்படித் தோன்றினால் தனியாக இருக்க வேண்டாம். 104க்கோ டெலிமானஸ் எண் 14416க்கோ எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகிறவர்கள் ஒரு நோட்டை எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் வலித்தது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, கண்ணில் நீர் வந்ததா, படுத்தீர்களா நடந்தீர்களா, அன்று குடித்திருந்தீர்களா, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா, போன வருடம் எந்த மாதத்தில் வந்தது. குடியும் அந்த மாத்திரையும் சீசனில் வலியைக் கிளப்பிவிடும். முடிந்தால் வலிக்கும்போது முகத்தை அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் வீட்டில். நீங்கள் கீழே போய்ச் சேரும்போது வலி நின்றிருக்கும், சிவந்த கண்ணும் தொங்கிய இமையும் அந்த வீடியோவில் இருக்கும்.